மேல்மாடி மிஷினுக்காக நான் ஓடிய ஓட்டம்

ஆம்பூர்ப் பக்கத்தில் பொம்பளைங்க ஓடுவதை ஆரம்பித்து வைத்தது யார் என்று கேட்டால் நான் என்னைத்தான் காட்டுவேன். வேறு யாராவது கை தூக்கினால் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு. மீதியைப் பஸ் போர்டிலும் டீக்கடைப் பேப்பரிலும் படித்துக்கொண்டேன். இன்றைக்கு என் சொந்த யூனிட்டில் வரிசையாக மிஷின் ஓடுகிறது, என் கையால் பழகிய பொம்பளைகள் ஊரெல்லாம் சூப்பர்வைசராக இருக்கிறார்கள். இதெல்லாம் அந்த ஒரு பொங்கலுக்கு நான் ஓடாமல் இருந்திருந்தால் நடந்திருக்காது. அதைத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை எனக்கு. அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். கீழ்த்தளத்தில் வெட்டின தோல் துண்டுகளுக்கு டேபிளில் வைத்து சொல்யூஷன் தடவி ஒட்டுவார்கள். மேல்மாடியில் மிஷினில் நாங்கள் தைப்போம். டேபிள்காரிக்கும் மிஷின்காரிக்கும் உள்ள வித்தியாசம் வெளியாளுக்குத் தெரியாது. டேபிளில் உட்கார்ந்தவள் டேபிளிலேயே கிழவியாவாள். மிஷின் பிடித்தவளுக்குத்தான் நாளைக்கு நாலு இடத்தில் கதவு திறக்கும். அந்த மாடியிலேயே என் தையல்தான் நேர். நான் சொல்லவில்லை, செக்கிங்கில் இருந்தவர்களே சொன்னது.

ஆனால் உடம்பு? இரண்டு பிள்ளை பெற்றபின் ரத்தம் சுத்தமாகக் கம்மியாகிவிட்டது. மாடிப்படி பாதி ஏறுவதற்குள் நெஞ்சு தம்தம் என்று அடிக்கும், கண்ணில் பூச்சி பறக்கும். நடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன். பின்னால் வருகிறவர்கள், "தள்ளிக்கோக்கா" என்று என்னைத் தாண்டிப் போவார்கள். சாயந்திரமானால் பாதம் பன் மாதிரி வீங்கும். இடுப்பு விட்டுப்போகும். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாலும் தூக்கம் வராது, காலையில் எழுந்தால் யார் மேலாவது எரிந்து விழுவேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், குரல் மட்டும் ஜாஸ்தி.

"இந்தாம்மா, பொங்கல் கழிச்சு நீ கீழ வந்துடு. டேபிள் வேலை பாரு. படி ஏற வேணாம், மூச்சு வாங்க வேணாம்."

"சார், சொல்யூஷன் வாடையில இருக்கிற மூச்சும் போய்டும் சார்."

"பின்ன இன்னா பண்றது? தெனம் நீ படியில ஒக்கார்ற, மிஷின் சும்மா நிக்குது. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "இன்னாம்மா, வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்குது" என்றார். இரும்பு மாத்திரை கொடுத்தார். முருங்கைக்கீரை, கேழ்வரகு சாப்பிடு என்றார். அப்புறம், "தெனம் காலைல நட" என்றார்.

"நாளெல்லாம் ஒழைச்சு காலு வீங்குது, இதுல நடக்க வேற சொல்றீங்களே டாக்டரம்மா?"

"ஒக்காந்துக்கினு பெடல் மிதிக்கிறதும் நடக்கிறதும் ஒண்ணா? அசையாம தொங்கப் போட்ட காலுதான் வீங்கும். மொதல்ல மெதுவா நட. மாத்திரை கொஞ்சம் வேலை செஞ்சதும் வேகமா நட. ஒடம்பு ஒத்துக்கினா ஓடு, யாரு வேணாம்னா?"

ஓடு என்ற சொல் காதில் விழுந்த அதே வாரத்தில், ஒரு ஜட்கா வண்டியில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பொங்கலை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு ஓட்டப் போட்டி. பள்ளிக்கூட மைதானத்தில் புறப்பட்டு, ரோட்டோடு போய், அடுத்த ஊர் வளைவைத் தொட்டுத் திரும்ப வேண்டும். யார் வேண்டுமானாலும் ஓடலாம். ஓடி முடிக்கிற ஒவ்வொருத்திக்கும் எவர்சில்வர் சொம்பு.

மறுநாள் கம்பெனியில் எல்லோரும் கேட்கிற மாதிரி மேனேஜரிடம் சொன்னேன். எனக்கு எதையும் மறைவாகச் சொல்லத் தெரியாது.

"சார், அந்த ஓட்டத்தை நான் ஓடி முடிச்சுட்டா மிஷின் என்னுது. கீழ எறக்கக் கூடாது."

மாடி முழுக்க மிஷின் சத்தம் நின்றது. அவர் சிரித்தார்.

"நீயா? படியில பாதியில ஒக்கார்ற ஆளு நீ!"

"பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்குது சார்."

"சரி. ஆனா நடுவுல ஒரு தரம் நின்னாலும் ஒத்துக்க மாட்டேன்."

"நின்னா நானே ஸ்டூலை எடுத்துக்கினு கீழ வந்துட்றேன். போதுமா?"

சொல்லிவிட்டேன். எங்கே ஓடுவது? ரோட்டில் ஓடினால் ஊர் சிரிக்கும். வீட்டில் சொன்னால் மாமியார் வாசலை அடைப்பாள். ஆனால் எங்கள் தெருப் பொம்பளைகளுக்கு ஒரு வழி இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் கக்கூசு கிடையாது. விடிவதற்கு முன் பொம்பளைகள் கும்பலாக, ஆளுக்கொரு சொம்போடு பாலாற்றுப் பக்கம் போவோம். அந்த நேரத்தில் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று எந்த ஆம்பளையும் கேட்க மாட்டான். அந்த ஒரு வெளியேற்றம்தான் எங்களுக்குச் சுதந்திரம். அதை நான் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி கம்பெனியிலும் எனக்குப் பக்கத்து மிஷின். அவளை முதலில் சேர்த்தேன். மாதாமாதம் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். "ஓடினா இன்னும் வலிக்கும்க்கா" என்றாள். "இப்போ மட்டும் இன்னா இனிக்குதா? வாடி" என்றேன். டேபிளில் வேலை செய்து சொல்யூஷன் வாடையில் தலைவலியோடு வீடு திரும்புகிற மூன்று பேரும் வந்தார்கள். ஆற்றுக்கு வந்த வேலை முடிந்ததும் சொம்புகளைக் கழுவி ஒரு வேலிகாத்தான் செடிக்கு அடியில் வரிசையாக வைப்போம். சேலையை வரிந்து கட்டுவோம். எதிர்க்கரைப் பனைமரம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும்.

அந்த வருஷமும் ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். மணலில் கால் வைத்தால் உள்ளே போகும், இழுத்தால் வராது. முதல் நாள் நான் நடந்ததே பெரிசு. கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். "டேபிளே நல்லா இருக்கும் போலக்கா" என்றாள் ஒருத்தி. அவளை முறைத்துவிட்டு எழுந்து நடந்தேன். மூன்றாவது வாரம் நடை ஓட்டமானது. தூரத்தில் ஆம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: "யாரும்மா அது, அவ்ளோ அவசரமா?" பக்கத்து வீட்டுக்காரி திருப்பிக் கத்துவாள்: "நீ ஒக்காந்த வேலையப் பாரு மாமா!"

ஓடும்போது நாங்கள் வாய் மூடவில்லை. இதுதான் என் கண்டுபிடிப்பு, இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. போகும்போது மாமியார் கதை, திரும்பும்போது கம்பெனி கதை. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் ஜாஸ்தி என்று அர்த்தம், குறைக்க வேண்டும். மூச்சே வாங்காமல் பேச்சு வழுக்கிக்கொண்டு போனால் ஏமாற்றுகிறாய் என்று அர்த்தம், கூட்ட வேண்டும். பேச்சும் ஓட்டமும் சமமாகப் போனால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

பேஜார் வீட்டில்தான் வந்தது. ஆற்றுக்குப் போன மருமகள் நாளுக்கு நாள் நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து, முகம் சிவந்து வந்தால் மாமியார் இன்னா நினைப்பாள்?

"ஏண்டி, இன்னிக்கும் இவ்ளோ நேரமா? வயிறு இன்னும் நிக்கலியா?"

நான் தலையை ஆட்டித் தொலைத்தேன். அவ்வளவுதான். கீரை கூடாது, கேழ்வரகு கூடாது, காரம் கூடாது. குழைந்த சோறும் மோரும்தான். மேலே மாதுளம் ஓட்டுக் கஷாயம். டாக்டரம்மா ஒன்று சொல்ல, மாமியார் அதற்கு நேர் எதிராக என்னை வைத்தியம் பண்ணினாள். கஷாயத்தின் வேலையால், உண்மையாகவே ஆற்றுக்குப் போக வேண்டிய வேலையும் எனக்கு நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரி வீட்டில் திருட்டுத்தனமாக முருங்கைக்கீரை சாப்பிட்டுத்தான் உயிரைக் காப்பாற்றிக்கொண்டேன். அவளுக்கு மாமியார் இல்லை, பாக்கியசாலி.

மற்ற மூன்று வீட்டிலும் இதே கேள்வி, இதே தலையாட்டல். ஒருநாள் கிணற்றடியில் மாமியார்கள் எல்லாம் ஒன்றுகூடிப் பேசியிருக்கிறார்கள். ஒரே தெருவில் நாலு மருமகளுக்கு வாரக்கணக்கில் பேதி! தண்ணீரில்தான் கோளாறு என்று நகராட்சிக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். மறுநாள் சுகாதார ஆள் வந்து தெருக்கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். வீடு வீடாக வந்து விசாரித்தார். என் வாசலில் நின்று, "எத்தினி தரம் போவுதும்மா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெடித்துவிட்டேன்.

மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மிஷின், படி, மேனேஜர், ஓட்டம், எல்லாம். அவள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கிட்டே வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்போ பேதி இல்லியா?"

"இல்ல அத்தை."

"இத்தினி நாளா வெறும் மோர்சோத்தைத் துன்னுட்டா மணல்ல ஓடின?"

"ஆமா அத்தை."

"அறிவு கெட்டவளே, சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது?" என்று உள்ளே போனாள். அன்று மத்தியானம் என் தட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் மலை மாதிரி இருந்தது. இந்தத் தெருக்கிணறு அந்த வருஷம் சுத்தமானதுகூட என்னால்தான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பு எப்போது மாறியது என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஒருநாள் கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்த பிறகுதான் உறைத்தது: நடுப்படியில் உட்கார மறந்துவிட்டேன். மறந்தே போய்விட்டேன்! பாதத்து வீக்கம் வற்றி, மெட்டி பழையபடி கழன்று ஆடியது. படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். பிள்ளைகள் மேல் கத்துவது குறைந்துவிட்டது, அதுகளே "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று பயந்தன. பக்கத்து வீட்டுக்காரி அந்த மாதம் ஒரே ஒரு நாள்தான் முனகினாள், அதுவும் மிஷினில் உட்கார்ந்துகொண்டே. டேபிள்காரிகளுக்குத் தலைவலி முழுசாகப் போகவில்லை, ஆனால் காலைக்காற்று உள்ளே போனால் சாயந்திரம் வரைக்கும் தாங்குகிறது என்றார்கள். டாக்டரம்மா மறுபடி இமையை இழுத்துப் பார்த்தார். "பரவால்லியே, செவப்பு வந்துடுச்சே!" என்றார். "மாத்திரை பாதி, பாலாறு பாதி டாக்டரம்மா" என்றேன்.

சேலையோடு ரோட்டில் ஓட முடியாது. குடியாத்தத்திலிருந்து தறிக்காரர் ஒருவர் சைக்கிளில் லுங்கி கொண்டுவந்து விற்பார். அவரிடம் கட்டம் போட்ட லுங்கித் துணி வாங்கி, ஐந்து பேருக்கும் பைஜாமா தைத்தேன், ஷூ தைக்கிற நூலால். யானை கட்டி இழுத்தாலும் பிரியாது. மேலே வீட்டுக்காரர்களின் பழைய சட்டை. போட்டி அன்று மைதானத்துக்குள் நாங்கள் நுழைந்ததும் கூட்டம் ஓவென்று கத்தியது.

"டேய், கைலி கம்பெனி வருதுடா!"

"யக்கா, ஒங்க வீட்டுக்காரரு இன்னாத்த கட்டிக்கினு கீறாரு?"

"என் சேலையத்தாண்டா, போய்ப் பாரு!" என்றேன். கூட்டம் இப்போது கத்தினவனைப் பார்த்துச் சிரித்தது.

வேலூரிலிருந்து கான்வாஸ் ஷூ போட்ட காலேஜ் பெண்கள் வந்திருந்தார்கள். டீச்சர்கள், போலீஸ்காரப் பொம்பளைகள் இருந்தார்கள். மேனேஜர் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். கூடவே வந்து பார்ப்பாராம், நிற்கிறேனா இல்லையா என்று. விசில் ஊதியதும் எல்லோரும் பறந்தார்கள். நாங்கள் பறக்கவில்லை. ஐந்து பேரும் ஒரே வரிசையில், மாமியார் கதையை ஆரம்பித்தோம். தார் ரோடு எங்களுக்கு இன்னா? மணலில் உழுத கால் தார் ரோட்டில் தன்னால் போகும். ஊர் வளைவைத் தொடும்போது பின்னால் பாதிப் பேர் இருந்தார்கள்.

திரும்பி வரும்போதுதான் அந்த வேலை நடந்தது. எங்கள் கம்பெனிக்கு ஞாயிறு லீவு. ஆனால் ரோட்டோரத்தில் இருந்த தோல் பதனிடுகிற கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. நாங்கள் அதைத் தாண்டும் நேரம் பார்த்து, வேலைக்குக் கூப்பிடுகிற சங்கு ஊதியது. வருஷக்கணக்காக அந்தச் சத்தம் கேட்டதும் விழுந்தடித்து ஓடின கால்கள் எங்களுடையது. சங்கு நிற்பதற்குள் உள்ளே போகாவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவான், அரை நாள் போச்சு. இது நம் கேட் இல்லை, இன்றைக்கு வேலையே இல்லை என்று மண்டைக்குத் தெரிவதற்குள் கால்கள் பிய்த்துக்கொண்டன. ஐந்து பேரும் ஒரே சமயத்தில்! டீச்சர்களைத் தாண்டினோம். காலேஜ் பெண்களில் பாதிப் பேரைத் தாண்டினோம். ஜனங்கள் கைதட்டி விசிலடித்தார்கள். "கைலி கம்பெனி! கைலி கம்பெனி!" சங்கு நின்றது. அதோடு எங்கள் மூச்சும் நின்றது.

விலாவில் கத்தி சொருகின மாதிரி வலி. கண்ணில் அந்தப் பழைய பூச்சி மறுபடி பறந்தது. டேபிள்காரி ஒருத்தி மதகுக் கட்டையில் பொத்தென்று உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி என் தோளைப் பிடித்தாள். "யக்கா, முடியலக்கா." என் காலும் நின்றுவிடத்தான் பார்த்தது. ஸ்கூட்டர் பக்கத்தில் வந்தது.

"இன்னாம்மா, நின்னுட்டியா?"

"காலு... ஆடுதா பாருங்க... சார். ஆடுதில்ல? அப்போ... நிக்கல."

அந்த வார்த்தைகளைத் துண்டு துண்டாகத் துப்பும்போதுதான் எனக்குப் புரிந்தது. பேச்சு விட்டுப்போனதால்தான் மூச்சு விட்டுப்போனது. பேச்சைப் பிடித்தால் மூச்சு வரும். கூட ஓடுகிறவள் பேசுகிற நிலையில் இல்லை. மேனேஜர் இருந்தார். அவரையே பிடித்துக்கொண்டேன்.

"சார், மேல மாடியில... ஃபேன் சுத்துதே... காத்து வருதா?"

"இன்னாது?"

"வராது சார். அது சுத்துறது... ஒங்களுக்குக் காட்ட. ஜன்னல்... ஆணி அடிச்சு வெச்சிருக்கீங்க. எங்களுக்கு... மூச்சு எங்கிருந்து வரும்?"

"இப்போ ஏம்மா இதெல்லாம்?"

"இப்போதான் சார் நீங்க மெதுவா போறீங்க!"

வார்த்தைக்கு ஏற்ற மாதிரி கால் வேகத்தைக் குறைத்தேன். ஜன்னல் முடிந்ததும் தண்ணீர்ப் பானை, பானை முடிந்ததும் கக்கூசு. "இத்தினி பொம்பளைக்கு ஒரே கக்கூசு சார், அதுக்கும் தாப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய காவல் நிக்கணும். அந்நேரம் ரெண்டு மிஷின் சும்மா கெடக்குது. அது ஒங்க கணக்குல வராதா?" இரண்டு பக்கமும் நின்ற ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"மெதுவா பேசும்மா, எல்லாம் பாக்குறாங்க!"

"மெதுவா பேசினா ஓட முடியாது சார்!"

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அவளுக்கும் மூச்சு வந்தது. "தாப்பா இன்னும் போடலியா சார்?" என்று அவளும் ஆரம்பித்தாள். விலா வலி எங்கே போனதென்று தெரியவில்லை. தாழ்ப்பாள், ஜன்னல், டேபிள்காரிகளின் தலைவலி என்று ஒவ்வொன்றாக முடித்து, மைதானத்து வாசலைத் தாண்டி, முடிவுக் கயிற்றைக் கடந்தேன். நடுவில் ஒரு அடி நிற்கவில்லை. முதலில் வந்தது ஒரு போலீஸ்காரப் பொண்ணு. அவளை இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. மேனேஜரைத் திட்டிக்கொண்டே ஓடி வந்தவளை ஆம்பூருக்கே ஞாபகம் இருக்கிறது. மதகில் உட்கார்ந்தவளும் எழுந்து நடந்தே வந்து முடித்துவிட்டாள். ஐந்து பேரும் சொம்பு வாங்கினோம்.

கூட்டத்தில் என் மாமியார் எல்லோரையும் இடித்துக்கொண்டு வந்து, "எங்க மருமகதான், எங்க மருமகதான். பேதின்னு நெனச்சேன், பேதியே இல்ல" என்று கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். வேர்த்திருந்தது அவருக்குத்தான்.

"மிஷின் ஒன்னுது. போ. இனிமே ஒன்ன கீழ எறக்குனா நீ என்ன ரோட்டுலயே எறக்கிடுவ."

சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை நான் மாடிக்குப் போனபோது தச்சன் ஒருவன் ஜன்னல் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். தாழ்ப்பாள் அதற்கு முன்பே போட்டாயிற்று. காற்று வந்து தோல் துண்டெல்லாம் பறந்தது. மேலே கனம் வைத்துத் தைத்தோம்.

இரண்டு நாள் கழித்து அவர் என் மிஷின் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, எங்க வீட்டம்மாவும் ரொம்ப மூச்சு வாங்குறாங்க. காலு வீங்குது. நீங்க போறப்போ அவங்களையும் கூட்டிக்கினு போவீங்களா?"

"பாலாத்து மணலுக்கா சார்? அவங்க வருவாங்களா?"

"வர்றேன்றாங்க. ஒங்க ஓட்டத்தைப் பாத்தாங்களாம்."

அந்த அம்மா மறுநாளே வந்தார்கள், கால் உறை போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கில் காபியோடு. முதல் வாரம் நடை, அப்புறம் ஓட்டம். "எங்க கூட ஓடணும்னா வாயை மூடக் கூடாதும்மா, அதுதான் வைத்தியம்" என்று சொன்னேன். நல்ல மனசு அவர்களுக்கு. சொன்னபடியே கேட்டார்கள். பனைமரம் போகும் வரை மேனேஜர் கதை, திரும்பி வரும் வரை மேனேஜர் கதை. வீட்டில் அவர் எதற்கெல்லாம் பயப்படுவார், கரப்பான் பூச்சியைப் பார்த்தால் எந்த நாற்காலி மேல் ஏறி நிற்பார் என்பது வரை எங்களுக்கு மனப்பாடம்.

நான் சொந்த யூனிட் வைத்து வெளியே வரும் வரைக்கும், அந்த மாடியில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.